அந்த வாக்கியத்தைச் சொல்வது யார்?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், அரசு உதவிபெறும் சிறுபான்மையினர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். இதுவரை வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமய வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நீதிபோதனை, அதாவது பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்கும் நேரம். இந்த ஆண்டு வந்த தலைமை ஆசிரியர், “பிள்ளைகளை எதுக்குப் பிரிக்கணும்? எல்லாரும் ஒண்ணா இருந்து எல்லா மதத்தையும் படிக்கட்டும்” என்று சொல்லி, ஒன்பதாம் வகுப்பை இவரிடம் கொடுத்துவிட்டார். வாய்மொழியாகத்தான்.

முதல் வாரம், ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் மதம் பற்றிப் பேச வேண்டும் என்றிருக்கிறார். 41 பேரில் ஒரே முஸ்லிம் மாணவியிடம் பின்வரிசையிலிருந்து கேள்விகள் வந்தன. அவள் பேசாமல் நின்றாள், அடுத்த இரண்டு வியாழனும் வரவில்லை. அய்யாவழிக் (வைகுண்ட சுவாமிகளைப் பின்பற்றும் வழி) குடும்பத்துப் பையனை “நீயும் இந்துதானே, அப்புறம் எதுக்குத் தனியா சொல்ற?” என்று மடக்கினார்கள். மூன்றாம் வாரம் ஐந்து மதங்களின் அடிப்படை நம்பிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஓர் இந்து மாணவனின் நோட்டில், அவன் கையெழுத்தில், ‘வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் இல்லை’ என்ற வரியைப் பார்த்த அப்பா, அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். “கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க” என்கிறார் தலைமை ஆசிரியர். இதற்கிடையில் “டீச்சர், அப்போ எந்த மதம்தான் உண்மை?” என்று ஒருத்தி கேட்க, “எல்லா மதமும் ஒண்ணுதான்” என்று இவர் சொல்ல, “ஒண்ணுன்னா எங்க அக்கா கல்யாணத்துக்கு வீட்டுல ஏன் டீச்சர் சண்டை?” என்று கேட்டிருக்கிறான் ஒரு பையன்.

இவர் கேட்பவை: அரசுச் சம்பளம் வாங்கும் நான் மதம் பற்றிப் பேசுவதே சட்டப்படி தவறா? என்மேல் வழக்கு வருமா? பெற்றோர் சம்மதம் வேண்டுமா? எந்த மதம் உண்மை என்று கேட்டால் என்ன சொல்வது? பிள்ளைகளைக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் அழைத்துப் போகலாமா?

ஆலோசகர் பதில்

அன்புள்ள டீச்சர்,

அந்த நோட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம், மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. அந்த வரி தவறானதல்ல. இஸ்லாமின் முதல் கடமை அதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியும்கூட. ஆனால் ‘முஸ்லிம்களின் அடிப்படை உறுதிமொழி இது’ என்ற முன்வரி இல்லாமல் அது நோட்டில் இறங்கியபோது, அதைச் சொல்கிறவன் அந்த மாணவனாகிவிட்டான். அவன் அப்பா படித்தது ஒரு பாடத்தை அல்ல. தன் மகன் உறுதிமொழி எடுத்துக்கொண்டதாகவே படித்தார். இதே பக்கத்தில் கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம் முதல் வரியாக இருந்து ஒரு முஸ்லிம் அப்பா பார்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவரைத் தகராறு செய்பவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

‘உதவிபெறும் பள்ளி என்றால் மதம் பற்றி வாயே திறக்கக் கூடாது’ என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவில் மூன்று உட்பிரிவுகள் உண்டு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது என்பது முதலாவது. அறக்கட்டளை நிபந்தனையோடு நிறுவப்பட்டு அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கான விலக்கு இரண்டாவது, உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கானது மூன்றாவது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்காமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது.

இதில் நம் மாவட்டத்துப் பள்ளிகள் வழக்கமாகத் தவறவிடும் இடங்கள் இரண்டு. பள்ளியைச் சேர்ந்த மதத்துப் பிள்ளைகளுக்குச் சம்மதம் தேவையில்லை என்று நினைப்பது ஒன்று. அந்த வாசகம் மதம் பார்ப்பதில்லை. கத்தோலிக்கப் பிள்ளை மறைக்கல்விக்குப் போகவும் வீட்டுச் சம்மதம் வேண்டும். இன்னொன்று, 30ஆம் பிரிவு தரும் சிறுபான்மை உரிமை இதையும் மீறும் என்ற எண்ணம். அந்தப் பிரிவு பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. இந்துப் பிள்ளையைச் சம்மதமின்றி ஜெபத்தில் உட்காரவைக்கும் உரிமையை அல்ல.

சமய போதனையும் சமயங்களைப் பற்றிய படிப்பும் ஒன்றல்ல என்பதைக் கோத்தாரி கல்விக் குழு 1964–66லேயே பிரித்துச் சொல்லிவிட்டது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மதங்களைப் பற்றிப் படிப்பதை 28ஆம் பிரிவு தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே, 1971இல் பஞ்சாப் டிஏவி கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் படிப்பது சமய போதனை ஆகாது என்று சொல்லியிருந்தது. உங்கள் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் சமூக, சமயச் சீர்திருத்த இயக்கங்கள் பாடம் இருக்கிறதே, வைகுண்ட சுவாமிகளும் வள்ளலாரும் அதில்தானே வருகிறார்கள்? நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைதான் இது.

வழக்குப் பயம் பற்றி ஒரு வார்த்தை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. அதன்படி குற்றமாக வேண்டுமென்றால் வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு இழிவுபடுத்தியிருக்க வேண்டும். முன்வரி விட்டுப்போன குறிப்பு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் புகார் மனு எழுத யாருக்கும் நோக்கம் நிரூபிக்க வேண்டியதில்லை; மனு வந்த பிறகு விளக்கம் எழுதுகிறவர் நீங்கள்தான். ஆகவே உங்களைக் காப்பது காகிதம். ‘மதங்களைப் பற்றிய பொதுப் பாடம்’ என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று வேண்டும். அது இல்லாமல் வகுப்பைத் தொடராதீர்கள். வாரந்தோறும் பாடக்குறிப்பு எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

மறைக்கல்வியை நிறுத்திவிட்டு இதை வைக்கலாமா என்பது நிர்வாகம் முடிவு செய்யட்டும். இரண்டும் வேண்டுமென்றால் வேறு வேறு பாடவேளையில், முடிந்தால் வேறு வேறு ஆசிரியரோடு நடக்கட்டும். நம்பிக்கையை ஊட்டும் வகுப்பையும் நம்பிக்கைகளை அறியும் வகுப்பையும் ஒரே மணிக்குள் போட்டால், இரண்டாவது முதலாவதின் முகமூடி என்றுதான் ஊர் பேசும்.

பெற்றோருக்கு ஒரு தாள்

பாடமாக மட்டும் நடத்தினால் எழுத்துச் சம்மதம் சட்டப்படி கட்டாயமில்லை என்பதே என் கருத்து. இருந்தும் தாள் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று செய்திகள் போதும்: இந்த ஆண்டு என்னென்ன தலைப்புகள், என்ன செய்ய மாட்டோம், நோட்டை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவதைத்தான் பெற்றோர் தேடிப் படிப்பார்கள். ‘வகுப்பில் ஜெபம், மந்திரம், ஓதுதல் எதையும் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். எந்த மதச் சின்னமும் அணிவிக்கப்படாது. பிரசாதமோ நேர்ச்சைப் பொருளோ வழங்கப்படாது. எந்த மதத்தையும் உயர்வாகவோ தாழ்வாகவோ மதிப்பிட மாட்டோம்’ என்று உடைத்து எழுதுங்கள். ‘மத நல்லிணக்கம்’, ‘அன்பு வழி’ போன்ற சொற்கள் அந்தத் தாளில் வேண்டாம். அவை எதையும் உறுதி தருவதில்லை.

எழுவாய், வினைமுற்று, ‘நாம்’

இந்தப் பாடத்தில் பெரும்பாலான விபத்துகள் கருத்தில் நடப்பதில்லை, இலக்கணத்தில் நடக்கின்றன. தமிழில் கற்பிக்கும்போது இன்னும் கூடுதலாக.

‘இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்.’ இது பிரசங்கம். ‘இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தாராம்.’ இது நக்கல். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் அந்த ‘ஆம்’ வகுப்பில் சிரிப்பைக் கிளப்பும். ‘இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்.’ இதுதான் பாடம். நம்புகிறார்கள், சொல்கிறார்கள், கடைப்பிடிக்கிறார்கள் என்ற மூன்று வினைகளும் வரிக்கு வரி வரட்டும். சலிப்பாக இருக்கும். பரவாயில்லை, மூன்று மாதத்தில் பிள்ளைகளே அப்படி எழுதத் தொடங்குவார்கள். ஒரு மதத்துக்கு மட்டும் ‘நம்புகிறார்கள்’ போட்டு, இன்னொன்றை நேரடியாகச் சொல்லிவிடுகிறோமா என்று பாடக்குறிப்பை ஒருமுறை சிவப்பு மையால் சரிபாருங்கள். நம் சொந்த மதத்தில்தான் அது விட்டுப்போகும்.

அடுத்தது ‘நாம்’. ‘நாம் கோயிலுக்குப் போனால்…’ என்று தொடங்கும் வாக்கியம் கோயிலுக்குப் போகாதவரை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறது. ‘மாற்று மதத்தவர்’ என்ற சொல்லும் அப்படியே. யாருக்கு மாற்று? பெயரைச் சொல்லுங்கள்: முஸ்லிம்கள், அய்யாவழியினர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர். ‘உங்க ஆளுக’, ‘அவங்க ஆளுக’ இரண்டையும் வகுப்பில் அனுமதிக்கவே வேண்டாம்.

விகுதிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘முருகன் வந்தான்’ என்பது பக்தியின் நெருக்கம். அதையே ஒரு கிறிஸ்தவப் பையன் விடைத்தாளில் எழுதினால் அலட்சியமாகத் தோன்றக்கூடும். கிறிஸ்தவர்கள் ‘ஆண்டவர் சொன்னார்’ என்பார்கள். ஜெபத்தில் ‘நீர்’ என்று அழைப்பார்கள். முஸ்லிம்கள் ‘அல்லாஹ் கூறினான்’ என்று ஒருமையில்தான் சொல்வார்கள், அவன் ஒருவனே என்பதால். அதே நாவில் ‘நபியவர்கள் சொன்னார்கள்’ என்று பன்மை மரியாதை வரும். மரியாதை என்று நினைத்து ‘அல்லாஹ் கூறினார்கள்’ என்று எழுதினால் அந்த மாணவியின் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்தந்தச் சமூகம் பயன்படுத்தும் விகுதியையே பயன்படுத்துவது, ஏன் அப்படி என்று ஒருமுறை விளக்குவது: இந்த ஒரு பாடமே முழுப் பாடவேளைக்குப் போதும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

‘கிறிஸ்தவர்கள்’ என்று மொத்தமாகச் சொல்வதிலும் கவனம் வேண்டும். கத்தோலிக்கர் ‘திருப்பலி’ என்பதும் சிஎஸ்ஐயினர் ‘ஆராதனை’ என்பதும் ஒன்றல்ல. கத்தோலிக்கருக்குள்ளேயே லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை என மூன்று வழிபாட்டு முறைகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளை நகை அணியாமல் வருவதை ‘ஏழை’ என்று மற்ற பிள்ளைகள் புரிந்துகொள்வதும் உண்டு. தர்கா வழிபாடு முஸ்லிம்கள் எல்லோருக்கும் ஏற்புடையதல்ல. ‘சிலர்’, ‘பலர்’ என்ற சொற்களைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

‘எல்லா மதமும் ஒன்றுதான்’

டீச்சர், இந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் அது மதங்களைப் பற்றிய ஒரு மதக் கருத்து. பலர் அதை ஏற்பதில்லை, ஏற்காதிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தவிர, பொய் என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அக்கா கல்யாணச் சண்டையைக் கேட்ட பையன் உங்கள் வகுப்பிலேயே கூர்மையான மாணவன். அவனிடம் இப்படிச் சொல்லலாம்: “நீ சொல்றது சரி. ஒண்ணா இருந்தா சண்டை வந்திருக்காது. எங்கே ஒத்துப்போகுது, எங்கே ஒத்துப்போகலைன்னு பார்க்கத்தான் இந்த வகுப்பு. உங்க வீட்டு விஷயத்தை இங்கே பேச வேண்டாம்.” கடைசி வாக்கியம் முக்கியம். வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்தால் மறுநாள் வகுப்பு வீட்டுக்குப் போய்விடும்.

‘எது உண்மை?’ என்ற கேள்விக்கு: “அதை நீயும் உன் வீடும் முடிவு செய்ய வேண்டியது. யார் என்ன நம்புறாங்க, ஏன் நம்புறாங்கன்னு சரியாச் சொல்றது என் வேலை.” ‘நீங்க எந்த மதம்?’ என்றால் மறைக்க வேண்டாம், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஊருக்கே தெரிந்ததை மறைத்தால் சந்தேகம்தான் மிஞ்சும். ‘சாமியே இல்லைன்னு எங்க அப்பா சொல்றாரு’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவும் பலருடைய நிலைப்பாடு என்று மற்றவற்றுக்குத் தரும் அதே மரியாதையோடு பலகையில் எழுதுங்கள்.

மதவாரியாக அல்ல, பொருள்வாரியாக

ஜூனில் இந்து மதம், ஜூலையில் கிறிஸ்தவம் என்று போனால் ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் நெஞ்சை நிமிர்த்தும், மற்றது தலையைக் குனியும். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய கூட்டமும் ஒரு சிறிய கூட்டமும் இருக்கும் வகுப்பில் மதவாரிப் பாடம் ஓட்டுப்போட்டி ஆகிவிடும். பொருளை எடுங்கள்: நோன்பு, விளக்கு, தண்ணீர், உணவு, யாத்திரை, பெயர் வைத்தல், இறந்தவரை வழியனுப்புதல், நாட்காட்டி. ஒரு பொருளுக்கு மூன்று வாரம். ஆண்டுக்குப் பத்துப் பொருள் தேறும்.

முதல் பாடத்துக்கு ‘பள்ளி’ என்ற சொல்லே போதும். சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழுமிடம் பள்ளிவாசல். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சர்ச்சும் பள்ளிதான், திருவிதாங்கோட்டு அரப்பள்ளி போல. இவர்கள் உட்கார்ந்திருப்பதும் பள்ளி. சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் பகவதி கோயிலும் ஒரே இடத்தில் இருப்பதைப் படமாகக் காட்டினால், ‘இங்கே சமணர் இருந்தாங்களா?’ என்று அவர்களே கேட்பார்கள்.

நோன்புப் பாடத்தை 40 நிமிடத்தில் இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் சொற்கள்: நோன்பு, விரதம், உபவாசம், ஒருசந்தி. வீட்டில் எந்தச் சொல் புழங்குகிறது என்று கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். சொற்களைப் பலகையில் எழுதினால் போதும். பாவை நோன்பும் ரமலான் நோன்பும் ஒரே தமிழ்ச் சொல், ஏகாதசி உபவாசமும் பெந்தெகொஸ்தே சபையின் உபவாச ஜெபமும் ஒரே வடசொல் என்பதைக் கண்டுபிடிக்க விடுங்கள். அடுத்த 15 நிமிடம் ஐந்து குழுக்களுக்கு ஐந்து அட்டைகள், ஒவ்வொன்றும் நூறு சொல்லுக்குள்: ரமலான், கத்தோலிக்கத் தவக்காலம், சபரிமலை விரதம், ஏகாதசி, சமணர் உண்ணாநோன்பு. பிறகு 12 நிமிடம் பலகையில் ஒரு கட்டம்: யார் இருப்பார்கள், எதைத் தவிர்ப்பார்கள், எப்போது முதல் எப்போது வரை, காரணமாக அவர்கள் சொல்வது என்ன, யாருக்கு விலக்கு. இந்தக் கடைசிப் பத்தியில்தான் பாடம் உயிர்பெறும். ரமலானில் விடியலுக்கு முன் தொடங்கிச் சூரியன் மறையும் வரை தண்ணீரும் கிடையாது; ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு, பிறகு ஈடுசெய்துகொள்ளலாம். கத்தோலிக்கருக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு, அதுவும் 18 முதல் 59 வயது வரை. ஒருமுறை முழு உணவு உண்ணலாம். ‘பட்டினி’ என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேற்றுமை என்று பிள்ளைகள் தாங்களாகவே பார்ப்பார்கள். மிச்சம் எட்டு நிமிடம் கேள்விப் பெட்டிக்கு.

அந்தப் பெட்டி இல்லாமல் இந்த வகுப்பை நடத்தாதீர்கள். பழைய சாக்லேட் டப்பா போதும். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுத்தாள், பெயர் வேண்டாம், கேள்வி இல்லாதவர் ‘இல்லை’ என்றாவது எழுதிப் போட வேண்டும், அப்போதுதான் எழுதியவர் யாரென்று தெரியாது. பதில் அடுத்த வாரம்தான். கேலியான கேள்வியை நாகரிகமாக மாற்றி வாசிக்கவும், தெரியாததை விசாரித்து வரவும் உங்களுக்கு ஏழு நாள் கிடைக்கும்.

ஒவ்வோர் அட்டையையும் அந்த நம்பிக்கை உடைய பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். ‘சரியா?’ என்று கேட்டால் பண்புக்காகத் தலையாட்டிவிடுவார்கள். ‘இது நாங்க இல்லை என்று எந்த வரி சொல்ல வைக்குது?’ என்று கேளுங்கள்.

மாதம் ஒருமுறை மூன்று கட்டப் பயிற்சி வையுங்கள்: நடந்தது, நம்பப்படுவது, இன்னும் விவாதத்தில் இருப்பது. நட்டாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கிப் பன்னிரண்டாவதாக முடிவது திருநட்டாலத்தில். 1712இல், பின்னாளில் கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை பிறந்ததும் அதே நட்டாலம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இவை முதல் கட்டம். அவரிடம் மன்றாடினால் வேண்டுதல் கேட்கப்படும் என்பது இரண்டாவது. மதம் மாறியதற்காகவா, அரசியல் காரணத்துக்காகவா தண்டிக்கப்பட்டார் என்பது மூன்றாவது. சிவன் கோயில்களுக்கு ஓடுகிறவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளட்டும், அது நல்ல சண்டை. திருவிதாங்கோட்டு அரப்பள்ளியைக் கி.பி. 63இல் புனித தோமா கட்டினார் என்பது மரபுவழி நம்பிக்கை. கட்டடம் பழையது என்பது கண்ணுக்குத் தெரிவது. ‘இரண்டாம் கட்டம்’ என்றால் பொய் என்று பொருளில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

சாதி வரும். வரட்டும். நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்த 1859 ஜூலை 26 தோள்சீலைப் பிரகடனமும் 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனமும் இந்த மண்ணின் சமய வரலாறு. அவற்றை மறைத்துவிட்டு விளக்கும் பூவும் மட்டும் பேசினால் பாதிப் பிள்ளைகளின் பாட்டி கதை விடுபட்டுப்போகும். ஆனால் அதை ஒரு மதத்தின் குறையாக மட்டும் முன்வைக்காதீர்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய 1982 மண்டைக்காட்டுக் கலவரம் உங்கள் பாடத்திட்டத்தில் வேண்டாம். ஒரு பிள்ளை கேட்டால், நடந்தது என்பதை ஒத்துக்கொண்டு, யார் தொடங்கியது என்ற விசாரணைக்குள் போகாமல் விடுங்கள்.

தேர்வு, மதிப்பெண் வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் சொற்பொருளுக்கும் மூன்று கட்டப் பிரிப்புக்கும் மட்டும்.

வெளியே போவது, வெளியாள் வருவது

முதல் ஆண்டு வழிபாட்டுத் தலங்களுக்கு அழைத்துப் போக வேண்டாம். போனால் செருப்பு, தலைத்துணி, சட்டை கழற்றுதல், திருநீறு, தீர்த்தம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிவரும். கூட்டத்தில் அதைச் சொல்ல 14 வயதுக்குத் தைரியம் போதாது. அடுத்த ஆண்டு சிதறாலில் தொடங்கலாம். அப்போதும் துறை அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் தேவை.

சிறப்புப் பேச்சாளர் வேண்டவே வேண்டாம். 2024இல் சென்னை அரசுப் பள்ளியில் பேச வந்த ஒருவர் முற்பிறவிப் பாவத்தையும் உடல் குறைபாட்டையும் முடிச்சுப் போட்டதும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியாள் பேசும் வாக்கியத்துக்கு எழுவாய் போட உங்களால் முடியாது.

காலை வணக்கக் கூட்டத்து ஜெபம் உங்கள் வகுப்பின் பொறுப்பல்ல. ஆனாலும் அமைதியாக நிற்கும் பிள்ளையை உதட்டை அசைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண் பாடாமல் மரியாதையோடு எழுந்து நின்ற யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைக் கேரளப் பள்ளி நீக்கியது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நாட்டுப்பண்ணுக்கே அப்படியென்றால் ஜெபத்துக்குச் சொல்ல வேண்டுமா?

இந்த வாரம்

அந்த அப்பாவைத் தலைமை ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லி, தலைமை ஆசிரியர் முன்னிலையில் பேசுங்கள். “அந்த வரிக்கு மேலே யாருடைய நம்பிக்கைன்னு எழுதாதது என் தவறு” என்பதோடு நிறுத்துங்கள். அல்லாஹ், இந்து என்ற விவாதத்துக்குள் போக வேண்டாம். பெற்றோர் தாளையும் அடுத்த மூன்று வாரப் பாடக்குறிப்பையும் அந்த அப்பாவின் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பதில் எழுதக் கூடாது. 41 நோட்டிலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம், கிழித்தால் மறைத்ததாகும். ஒவ்வொரு பத்திக்கு மேலும் ‘இன்னார் நம்புவது’ என்று பிள்ளைகளே தலைப்பு எழுதட்டும். அதுவே அந்த வாரப் பாடம்.

அய்யாவழிப் பையனை மடக்கியவர்களுக்கு வகுப்பிலேயே பதில் சொல்லுங்கள்: அரசுக் கணக்கெடுப்பில் அய்யாவழியினர் இந்துக்களோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள், தங்களைத் தனி வழியினர் என்று சொல்கிறவர்களும், இந்துக்களே என்று சொல்கிறவர்களும் அவர்களுக்குள் உண்டு, ஒருவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அதுவே இந்த வகுப்பில் அவர் பெயர். அவனை எழுப்பி நிறுத்தாமல் சொல்லுங்கள்.

அந்த முஸ்லிம் மாணவிக்கு மதம் பற்றிய கேள்வி எதுவும் வேண்டாம், ‘உங்க மார்க்கத்துல எப்படிம்மா?’ என்ற அன்பான கேள்வியும் வேண்டாம். அவள் அம்மாவுக்கு நீங்களே போன் செய்து, எழுந்து பேசச் சொன்னது என் பிழை, இனி எந்தப் பிள்ளையையும் அப்படி நிறுத்த மாட்டேன் என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை அவள் வந்தால், நோன்புப் பாடத்தில் அவள் கைக்கு ரமலான் அட்டை போகாதபடி குழு பிரியுங்கள். தவக்கால அட்டை கிடைக்கட்டும். 18 முதல் 59 வரை என்றால் நம் வயதுக்கு நோன்பே இல்லையா டீச்சர் என்று கேட்கும் முதல் ஆள் அவளாகவே இருக்கலாம். அதற்குப் பதில் தயாராக இருங்கள்: ஆம், கட்டாய நோன்பு இல்லை, ஆனால் 14 வயது முடிந்தவர்களுக்கு இறைச்சி தவிர்க்கும் விதி உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்கிறது.